வென்றபின்னும் உழைப்பு

நுழையும்முன்

வெற்றியை அடைவதற்கு உழைப்பு வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். அடைந்த வெற்றியைக் காப்பதற்கும் அதே அளவு உழைப்பு வேண்டும் என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி இவ்வுண்மையைத் தன் வரலாற்றால் உணர்த்தும் ஊர். மண்ணுக்கடியில் உறங்கிய பழுப்பு நிலக்கரியை வெளிக்கொணர அங்கு ஒரு தலைமுறைக் காலம் உழைப்பு நிகழ்ந்தது. வெளிக்கொணர்ந்த நாள் முதல் இன்றுவரை ஒரு நாழிகையும் ஓயாத உழைப்பு நிகழ்ந்து வருகிறது. இவ்விரண்டையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கிணற்றில் தோன்றிய கருமை

இன்று நெய்வேலி நகரியம் அமைந்துள்ள நிலப்பகுதி, முன்னாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. முந்திரியும் பலாவும் செழித்த செம்மண் நிலம் அது. அங்கே நிலவுடைமையாளராக விளங்கியவர் ஜம்புலிங்க முதலியார். 1930களின் நடுப்பகுதியில் அவர் தம் நிலத்தில் வேளாண்மைக்காக ஆழ்குழாய்க் கிணறு தோண்டச் செய்தார். நிலத்தடியிலிருந்து நீர் தானே பொங்கி எழுந்தது. அந்நீரோடு கரிய நிறமுடைய துகள்களும் வெளிவந்தன.

நீர் கிடைத்துவிட்டது, வந்த வேலை முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். அத்துகள்கள் யாவை என்று அறிய விரும்பிய அவரோ அச்செய்தியை அரசின் கவனத்திற்குக் கொண்டுசென்றார். பெரிய செயல்கள் பல, இவ்வாறு சிறிய ஒன்றைப் புறக்கணிக்காத கண்களிலிருந்தே பிறக்கின்றன. ஆயினும் கண்டுபிடிப்பு வேறு; பயன்பாடு வேறு. கரிய துகள் ஒளிவிளக்காக மாறுவதற்கு இடையில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடக்க வேண்டியிருந்தது.

ஐயமும் ஆய்வும்

தமிழ்நாட்டில் கருநிலக்கரி வளம் இல்லை. தொழிற்சாலைகளுக்கும் இரயில்களுக்கும் மின்நிலையங்களுக்கும் வேண்டிய நிலக்கரி நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. எனவே, உள்ளூரில் ஓர் எரிபொருள் கிடைக்கும் என்ற செய்தி பெரும் நம்பிக்கையை விளைவித்தது. அந்நம்பிக்கைக்கு நிகராக ஐயங்களும் எழுந்தன.

பழுப்பு நிலக்கரி, கருநிலக்கரியைக் காட்டிலும் வயதில் இளையது, வெப்பத்திறனில் குறைந்தது. நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமே. இத்தகைய கரியைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு ஏற்றிச் செல்வது, பாதிக்குப் பாதி நீரைச் சுமந்து செல்வதற்கு ஒப்பாகும். எனவே, கரி கிடைக்கும் இடத்திலேயே மின்நிலையம் அமைத்தால்தான் இத்திட்டம் பயன்தரும் என்பது தெளிவாயிற்று.

கரி எவ்வளவு பரப்பில் உள்ளது, எவ்வளவு ஆழத்தில் உள்ளது, எவ்வளவு தடிப்புடையது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே முதற்பணியாக இருந்தது. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் அப்பகுதியில் துளையிட்டு ஆராய்ந்தனர். விடுதலைக்குப்பின் சென்னை மாநில அரசின் சார்பில் எச்.கே. கோஷ் என்னும் சுரங்கப் பொறியாளர் விரிவான ஆய்வை மேற்கொண்டார். முந்திரித் தோப்புகளுக்கிடையே துளைக்கருவிகளை நிறுத்தி, அடுக்கடுக்காக எடுத்த மண்ணைப் பிரித்து, எந்த ஆழத்தில் எந்த அடுக்கு உள்ளது என்று பதிவு செய்யும் பணி அது. புகழுக்கோ ஆரவாரத்திற்கோ இடமில்லாத பணி. அப்பணி இல்லையேல் பின்னர் எழுந்த எந்தக் கட்டடத்திற்கும் அடித்தளம் இல்லை.

ஆய்வறிக்கைகள் மட்டும் போதவில்லை. நிலத்தை வெட்டிப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது என்பதால் 1953ஆம் ஆண்டில் சோதனைச் சுரங்கம் ஒன்று தோண்டப்பட்டது. பெருந்தொகையைச் செலவிடுமுன் சிறிய அளவில் செய்து பார்க்கும் அறிவுடைமை அதில் வெளிப்பட்டது. இராஜாஜி, காமராசர் ஆகிய இரு முதலமைச்சர்களின் காலத்திலும் இம்முயற்சி தொய்வின்றித் தொடர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பொதுத்துறை நிறுவனமாகப் பதிவு பெற்றது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் தலைமை அமைச்சர் ஜவாகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்.

மண்ணின் தடை

தொடக்கவிழா நடந்த நாளன்று கரி கண்ணுக்குப் புலப்படவில்லை. அதன்மேல் பல பத்து மீட்டர் தடிப்புள்ள மண் மூடியிருந்தது. ஒரு டன் கரியைப் பெறுவதற்கு 5 கன மீட்டருக்கும் மிகுதியான மண்ணை அகற்றியாக வேண்டும். அம்மண் எளிதில் வெட்டுப்படும் வண்டல் மண்ணும் அன்று. கடலூர் மணற்கல் எனப்படும் கடினமான அடுக்கு.

திறந்தவெளிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி வெட்டுவதில் ஜெர்மனி நாட்டினர் நீண்ட பட்டறிவு உடையவர்கள். வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கரம் சுழன்று மண்ணை வெட்டும் வாளிச்சக்கர அகழ்வு எந்திரங்கள் அந்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டன. பல மாடிக் கட்டடம் போன்று நிற்கும் அவ்வெந்திரங்களும் நெய்வேலி மண்ணின்முன் திணறின. வாளிகளின் எஃகுப் பற்கள் விரைவில் தேய்ந்தன. ஓரிடத்தில் வென்ற கருவி மற்றோரிடத்திலும் அவ்வாறே வெல்லும் என்பதற்கு உறுதியில்லை.

பொறியாளர்களும் தொழிலாளர்களும் மனம் தளரவில்லை. கடினமான அடுக்குகளைத் துளையிட்டு, வெடிவைத்துத் தளர்த்தி, அதன்பின் எந்திரங்களைக் கொண்டு வெட்டும் முறையைக் கையாண்டனர். பற்களின் அமைப்பை நிலத்திற்கேற்ப மாற்றினர். அயல்நாட்டு எந்திரத்தை உள்ளூர் மண்ணுக்குப் பழக்கிய அந்த உழைப்பு, கற்றதைக் கண்மூடிப் பின்பற்றாமல் சூழலுக்கேற்பத் திருத்திக்கொள்ளும் அறிவின் உழைப்பாகும்.

நீரின் தடை

மண்ணைவிடப் பெரிய தடை மண்ணுக்கடியில் இருந்தது. முதலியாரின் கிணற்றில் நீர் தானே பொங்கியெழுந்தது என்று கண்டோம். அந்நீரே பின்னாளில் சுரங்கத்தின் பெரும்பகையாயிற்று. கரி அடுக்கிற்குக் கீழே பெரும் நீர்த்தாங்கி ஒன்று உள்ளது. மேலிருக்கும் அடுக்குகளால் அழுத்தப்பட்டு, வெளியேற வழியின்றி அடைபட்டுள்ள நீர் அது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான விசையோடு அந்நீர் மேல்நோக்கி அழுத்துகிறது.

மேலே மண் இருக்கும்வரை அதன் எடை இவ்விசையைத் தாங்கிக்கொள்கிறது. மண்ணை அகற்ற அகற்ற அந்த எடை குறைகிறது. ஒரு கட்டத்தில் கீழிருந்து எழும் நீரின் விசை மிகுந்து, சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வெள்ளம் புகும். கரியும் கருவிகளும் மனிதர்களும் அவ்வெள்ளத்தில் அகப்படுவர்.

இதற்கு ஒரே வழிதான் இருந்தது. சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழமான குழாய்க் கிணறுகளை அமைத்து, ஆற்றல்மிக்க எக்கிகளைக் கொண்டு இரவும் பகலும் நீரை வெளியேற்றி, அதன் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கரியைத் தொடுவதற்கு முன்பே இப்பணியைத் தொடங்கியாக வேண்டும். ஒரு டன் கரிக்குப் பல டன் நீர் என்ற அளவில் இறைத்த பின்னரே கரி கைக்கு எட்டியது.

வெற்றி நாள்

1961ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு மே திங்களில் சோவியத் நாட்டின் கூட்டுறவோடு அமைக்கப்பட்ட அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு மின்னாற்றலை வழங்கத் தொடங்கியது. 1970இல் அந்நிலையத்தின் திறன் 600 மெகாவாட் என்ற முழு அளவை எட்டியது. கிணற்றில் கண்ட கரிய துகள் ஒருவாறு விளக்கொளியாயிற்று.

வரலாற்று நூல்கள் பலவும் இந்த இடத்தில் மகிழ்ந்து நிறைவு பெறும். நெய்வேலியின் கதையில் பாதியே இதுவரை கூறப்பட்டது.

வென்றபின் தொடங்கிய பணி

மலையுச்சியை அடைந்தவர் சற்று அமர்ந்து இளைப்பாறலாம். கரியை அடைந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நீரை இறைக்கும் எக்கிகள் நின்றால் நிலத்தடி நீரின் அழுத்தம் மீண்டும் ஏறத் தொடங்கும். முதல்நாள் பெற்ற வெற்றியை மறுநாளே நீர் திரும்பப் பெற்றுக்கொள்ளும். எனவே, பொங்கல் நாளிலும் தீபாவளி நாளிலும் நள்ளிரவிலும் அங்கு எக்கிகள் இயங்குகின்றன. தொழிலாளர்கள் மூன்று முறைப்பணிகளாகப் பிரிந்து, ஒரு குழு வெளியேறும்போது மற்றொரு குழு உள்நுழைகிறது.

எக்கிகளை இயக்கிக்கொண்டிருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு பகுதியில் கரி தீர்ந்தபின் வெட்டுமுகம் முன்னோக்கி நகர்கிறது. அதற்கேற்ப முன்புறத்தில் புதிய கிணறுகளைத் தோண்ட வேண்டும்; பயன்பட்டு முடிந்த கிணறுகளைக் கைவிட வேண்டும்; கரியையும் மண்ணையும் சுமக்கும் கன்வேயர் பட்டைகளை இடம் மாற்ற வேண்டும். நேற்று அமைத்த ஏற்பாடு இன்றைக்கு உதவும், நாளைக்கு உதவாது. வெற்றி பெற்றவர், பழைய முயற்சியின் பயனிலேயே வாழ இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

பழுப்பு நிலக்கரியின் மற்றோர் இயல்பும் எண்ணத்தக்கது. வெட்டியெடுத்த கரியை நெடுநாள் குவித்து வைத்தால், அது காற்றிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிந்து, வெப்பம் மிகுந்து, தானே தீப்பற்றக்கூடும். ஆகவே, இந்த ஆண்டு மிகுதியாக வெட்டிக் குவித்துவிட்டு அடுத்த ஆண்டு ஓய்ந்திருக்க முடியாது. அன்றன்று வெட்டி, அன்றன்று மின்நிலையத்திற்கு அனுப்பியாக வேண்டும். சில செல்வங்கள் சேமிப்பால் நிலைப்பவை. சில செல்வங்கள் இடைவிடாத உழைப்பால் மட்டுமே நிலைப்பவை. திறமை என்னும் செல்வம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. பயிலாத இசையும் பழகாத மொழியும் எழுதாத கையும் குவித்து வைத்த கரியைப் போலத் தாமே அழியும்.

வானமும் அவ்வப்போது சோதிக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் திறந்தவெளிச் சுரங்கம் பெரியதோர் ஏரியாகிவிடும் இடர் உண்டு. 2011 திசம்பரில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல், அப்பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தைப் பெருமழை மூழ்கடித்தது. ஒவ்வொரு முறையும் சேற்றையும் நீரையும் அகற்றி, எந்திரங்களைச் சீர்செய்து, பணியை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

இவ்வாறு காக்கப்பட்டதனால்தான் முதல் வெற்றி மேலும் பல வெற்றிகளை ஈன்றது. இரண்டாம் சுரங்கம் உருவாயிற்று. இரண்டாம் அனல்மின் நிலையம் 7 அலகுகளோடு 1470 மெகாவாட் திறன் பெற்றது. மண்ணைக் கொட்டி நிரப்பிய பகுதிகளில் மரங்கள் நடப்பட்டுச் சோலைகள் எழுந்தன. 1962இல் இயங்கத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்து 2020இல் ஓய்வு பெற்றது. அதன் பணியை ஏற்கப் புதிய நிலையம் முன்னரே அமைக்கப்பட்டிருந்தது. பழையது நிற்குமுன் புதியதை ஆயத்தம் செய்வதும் வென்றவரின் கடமைகளுள் ஒன்று.

உழைப்பின் விலை

உழைப்பைப் போற்றும்போது, அதற்காக மனிதர் கொடுக்கும் விலையை மறத்தல் கூடாது. 2020ஆம் ஆண்டு மே, சூலை ஆகிய இரு திங்கள்களிலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பகுதியில் விபத்துகள் நேர்ந்தன. தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். காலையில் உணவுப்பையோடு பணிக்குச் சென்றவர் மாலையில் திரும்பாத வீடுகளின் துயரை எந்த மெகாவாட் கணக்கும் ஈடுசெய்யாது. பல ஆண்டுகள் நன்றாக இயங்கிய எந்திரம் என்பது, நாளையும் நன்றாக இயங்கும் என்பதற்குப் பிணை ஆகாது. வெற்றிக்குப் பின்னர் வேண்டப்படும் உழைப்பில் தலையாயது விழிப்புணர்வு. விழிப்புணர்வின் முதற்பயன் உடன் உழைப்பவரின் உயிர்க்காப்பு.

நிலத்தைக் கொடுத்தவர்களும் இவ்வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்கள். சுரங்கம் விரிய விரிய, தலைமுறை தலைமுறையாக உழுத வயலையும் குடியிருந்த வீட்டையும் குலதெய்வக் கோயிலையும் விட்டுப் பெயர்ந்த சிற்றூர் மக்கள் பலர். நகரத்தில் ஒரு விளக்கு எரியும்போது, அதன் ஒளியில் அவர்தம் இழப்பும் கலந்துள்ளது. உரிய இழப்பீடும் வேலைவாய்ப்பும் வேண்டும் என்னும் அவர்களின் குரல் இன்றும் ஒலிக்கிறது. அதற்குச் செவிசாய்ப்பதும், அகழ்ந்த நிலத்தை மீண்டும் பயன்பெறச் செய்வதும், புகையையும் சாம்பலையும் கட்டுப்படுத்துவதும் வெற்றிக்குப் பின்னர் எஞ்சியுள்ள பணிகள். வென்றவர் தம் வெற்றியின் பயனை மட்டுமன்றி அதன் கடனையும் ஏற்றாக வேண்டும்.

வள்ளுவர் காட்டும் நெறி

நெய்வேலியின் வரலாற்றைத் திருக்குறளின் துணைகொண்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பொருட்பாலின் அரசியல் பகுதியில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்னும் நான்கு அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து அமைத்துள்ளார். உள்ளத்தில் ஊக்கம் தோன்ற வேண்டும். அதைச் சோம்பல் கெடுக்காமல் காக்க வேண்டும். பின்னர் இடைவிடாது முயல வேண்டும். முயற்சியில் துன்பம் நேர்ந்தால் கலங்காமல் நிற்க வேண்டும். துளையிட்டு ஆராய்ந்தவர்களும், தேய்ந்த பற்களை மாற்றியவர்களும், நீரோடு போராடியவர்களும் நடந்த வழி இதுவே.

இந்நான்கும் வெற்றிக்கு முன்னர் வேண்டுவன எனலாம். வெற்றிக்குப் பின்னர் வேண்டுவதை உணர்த்தவும் ஓர் அதிகாரம் உண்டு. அது பொச்சாவாமை. மகிழ்ச்சியின் மிகுதியால் கடமையை மறந்து சோர்வதே பொச்சாப்பு. அளவுகடந்த சினத்தைக் காட்டிலும் இது தீமை மிக்கது என்பது வள்ளுவர் கருத்து. சினம் வெளிப்படையாகத் தெரிவதால் தடுப்பதற்கு ஆளுண்டு. மகிழ்ச்சியில் வரும் மறதியோ நண்பனைப் போல் வருவதால் எவரும் தடுப்பதில்லை. தோல்வியுற்றவனை உலகம் எச்சரிக்கும். வென்றவனை உலகம் பாராட்டும். அதனால் வென்றவன் தன்னைத் தானே எச்சரித்துக்கொள்ள வேண்டியவனாகிறான்.

நிறைவாக

மேனிலைத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர், அது தம்மைக் கல்லூரியின் வாயில்வரைதான் அழைத்துச் செல்லும் என்பதை உணர வேண்டும். உள்ளே நுழைந்தபின் உழைப்பு புதிதாகத் தொடங்குகிறது. பணியில் சேர்ந்தவருக்கும், பதக்கம் வென்ற வீரருக்கும், நூல் வெளியிட்ட எழுத்தாளருக்கும் இது பொருந்தும். வெற்றிக்குமுன் உழைப்பவரை இலக்கு இழுத்துச் செல்கிறது. வெற்றிக்குப்பின் உழைப்பவருக்கு அத்தகைய இழுவிசை இல்லை. அவர் கடமையுணர்வால் மட்டுமே நடக்க வேண்டும். ஆகவே பின்னையதே அரியது.

நெய்வேலியில் இந்த நேரத்திலும் நிலத்தடி நீர் மேலெழ முயன்றுகொண்டிருக்கிறது. பெயர் தெரியாத ஒரு தொழிலாளி எக்கியின் ஓசையைச் செவிகொடுத்துக் கேட்டு, அழுத்தத்தைக் குறித்து, தம் முறைப்பணி முடிந்ததும் அக்குறிப்பேட்டை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். 1961இல் பெற்ற வெற்றி, அந்தக் கைம்மாற்றத்தில்தான் இன்றும் உயிரோடு இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

தாவரங்கள் நிலத்தில் புதையுண்டு, பல்லாயிரம் நூற்றாண்டுகள் அழுத்தத்திற்கும் வெப்பத்திற்கும் உட்பட்டு நிலக்கரியாக மாறுகின்றன. இம்மாற்றத்தில் முற்றாத நிலையில் இருப்பதே பழுப்பு நிலக்கரி. ஈரம் மிகுதியாகவும் வெப்பத்திறன் குறைவாகவும் இருப்பதால், இது பெரும்பாலும் சுரங்கத்திற்கு அருகிலேயே மின் உற்பத்திக்குப் பயன்படுத்தப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. நெய்வேலிச் சுரங்கத்தில் நீரை இறைக்கும் பணி ஏன் இடையறாது நிகழ வேண்டும் என்பதை உம் சொற்களில் விளக்குக.

2. 'கண்டுபிடிப்பு வேறு, பயன்பாடு வேறு' என்னும் கருத்தைப் பாடப்பகுதிகொண்டு நிறுவுக.

3. ஆள்வினையுடைமை, பொச்சாவாமை ஆகிய அதிகாரங்களைப் படித்து, அவை வெற்றிக்கு முன்னும் பின்னும் வழிகாட்டும் திறத்தை வகுப்பில் உரையாடுக.

4. உம் ஊரில் நாள்தோறும் ஓயாமல் நிகழும் பணி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் ஈடுபட்டுள்ளோரிடம் உரையாடி, அப்பணி ஒருநாள் நின்றால் விளையும் நிலையை ஒரு பக்க அளவில் எழுதுக.